ரிவிஷன் சர்ஜரி: எண்டோஸ்கோப்பி பார்க்காமலே தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்

எடை குறைய வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை செய்து, சில வருடங்களில் எடை திரும்பியவர்களைக் குறிவைத்து, ரிவிஷன் என்ற பெயரில் மறு அறுவை வியாபாரம் ஒன்று நடக்கிறது. "வயிறு விரிஞ்சுடுச்சு, லேசா இறுக்கினா போதும்" என்பார்கள். முதல் சந்திப்பிலேயே தேதியும் முன்பணமும் பேசி முடித்துவிடுவார்கள்.

மறு அறுவையில் லேசாக இறுக்குவது என்று எதுவும் கிடையாது. ஏற்கெனவே வெட்டிய இடத்தில் தழும்பு இறுகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். அதனால் ஸ்டேப்ளர் போட்ட இடம் கசியும் ஆபத்து முதல் அறுவையைவிட அதிகம். குறையும் எடையோ பெரும்பாலும் முதல் தடவை அளவுக்கு வராது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவர் பாதி உண்மையைத்தான் விற்கிறார். முதல் அறுவை முடிந்து ஒன்றரை, இரண்டு வருடத்துக்குப் பிறகு சில கிலோ ஏறுவது இயல்பு. அதற்கே கத்தியைத் தூக்குபவர்களும் இருக்கிறார்கள்.

எடை ஏன் ஏறியது என்று முதலில் தேட வேண்டும். எண்டோஸ்கோப்பி, பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே, உணவுக் குறிப்பு, ஸ்டீராய்டு போல எடை கூட்டும் மருந்துகளின் பட்டியல், ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), பி12, வைட்டமின் டி, ஆல்புமின் (புரதம்) அளவுகள் எல்லாம் பார்க்க வேண்டும். பழைய அறுவைக் குறிப்பும் கட்டாயம். முன்பு செய்தது பைபாஸ் (வயிற்றைச் சிறு பையாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பது) என்றால், குடலின் எந்தப் பகுதிக்கு எத்தனை செ.மீ. நீளம் வைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். அது தெரியாமல், மொத்தக் குடலையும் அளக்காமல், உணவை உறிஞ்சும் குடல் பகுதியை மேலும் சுருக்கினால் ஓயாத வயிற்றுப்போக்கு, புரதக் குறைவு, கால் வீக்கம் என்று இழுத்துக்கொண்டு போகும். அமைப்பில் கோளாறே இல்லாதவருக்கு உணவுமுறை மாற்றத்தையும் பசியைக் குறைக்கும் செமாக்ளூடைடு போன்ற மருந்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு மறுபடி ஸ்லீவ் செய்வது அநியாயம். எரிச்சல் கூடத்தான் செய்யும். அவருக்கு, குடலை Y வடிவில் இணைக்கும் ரூ-என்-ஒய் பைபாஸ்தான் பொருத்தம். எடை குறைய முன்பு வயிற்றைச் சுற்றிப் போட்ட பட்டையை (கேஸ்ட்ரிக் பேண்ட்) எடுத்த கையோடு ஸ்லீவ் செய்வதாகச் சொன்னால், தழும்பு ஆற ஏன் சில மாதம் விடவில்லை என்று கேளுங்கள்.

அதிகம் ஏமாறுவது அறுவைக்குப் பிறகுதான். சிலருக்கு நாடித்துடிப்பு 120ஐத் தாண்டி நிற்கும், இடது தோள் வலிக்கும், மூச்சு வாங்கும். "கேஸ்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேறு காரணம் நிரூபணமாகும்வரை அதைக் கசிவாகவே எண்ணி சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். ஸ்கேன் சுத்தமாக இருந்தும் துடிப்பு இறங்காவிட்டால் லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியே கேமரா விட்டு) உள்ளே பார்ப்பதே முறை. நாள் கணக்கில் வாந்தி எடுப்பவருக்குத் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். கண் இரட்டையாகத் தெரிவதும் தள்ளாட்டமும் அதன் அறிகுறிகள். பைபாஸுக்குப் பின் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகிய வலி மாத்திரைகள், புகை மூன்றும் கூடாது. வயிறும் குடலும் இணையும் இடத்தில் புண் வந்து ஓட்டை விழலாம்.

பேக்கேஜ் தொகையைப் பேசும்போதே கசிந்தால் ஸ்டென்ட் (கசிவை மறைக்க உள்ளே வைக்கும் குழாய்), வடிகுழாய், வாரக்கணக்கான ஐ.சி.யூ. செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். ஒப்புதல் படிவத்தில் வெறும் "ரிவிஷன்" என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எதிலிருந்து எதற்கு மாற்றுகிறார்கள் என்று பெயரோடு இருக்க வேண்டும்.