ஹால் காற்றாடி: மோட்டார் அருமை, கெப்பாசிட்டர்தான் வயிற்றெரிச்சல்

தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) புது வீடு வாங்கிய நண்பர், "அண்ணே, உங்கள் ஹாலில் ஓடுகிற அதே காற்றாடியை வாங்கலாமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

மோட்டாரைக் குறை சொல்லவே முடியாது. மலேசியாவின் சுங்கை சிப்புட் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, இரவு பகலாக வருஷக்கணக்கில் ஓடுகிறது. பேரிங் சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை.

என் கோபமெல்லாம் கெப்பாசிட்டரை, அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் சின்னப் பாகத்தை, வைத்திருக்கும் விதத்தில்தான். வீட்டுக்கு வருவது ஒற்றை பேஸ் மின்சாரம். அதை ஒரே சுருளில் கொடுத்தால் காந்தப்புலம் சுழலாது, அதனால் மோட்டாரில் இரண்டு சுருள்கள் இருக்கும். இரண்டாவது சுருளின் மின்னோட்டத்தைக் கெப்பாசிட்டர் சற்று முந்த வைப்பதால்தான் காந்தப்புலமே சுழல்கிறது. உள்ளே இருப்பது உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலம். பலவீனமான இடத்தில் பொறி தட்டினால், சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி ஷார்ட் ஆகாமல் தப்பித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொள்ளளவு, அதாவது அது சேர்த்து வைக்கும் அளவு, கொஞ்சம் குறையும். சூட்டில் இன்னும் சீக்கிரம் குறையும்.

முதலில் ரெகுலேட்டரை 1-இல் வைத்தால் காற்றாடி கிளம்பவில்லை. அப்புறம் 5-இல் வைத்தாலும் 3-இன் காற்றுதான். இது ஒரே நாளில் வருவதில்லை. அதனால் வீட்டில் எல்லாரும் "இந்த வருஷம் புழுக்கம் ஜாஸ்தி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பட்டணத்துக் கடையில் "மோட்டார் போச்சு, புதுசு வாங்குங்க" என்றார்கள். எங்கள் தோட்டத்து ஒயர்மேன் தம்பி கழற்றி மீட்டரில் பார்த்தார். கொள்ளளவு 2.5 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்தது 1.6 காட்டியது. சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிற சாமான்! மாற்றியதும் சுவரில் காலண்டர் படபடத்தது. அம்மா போர்வை கேட்டார்.

அந்தச் சின்ன சாமானை மோட்டார் சூட்டுக்குப் பக்கத்திலேயே அடைத்து வைத்திருக்கிறார்கள். மாற்ற வேண்டுமென்றால் காற்றாடியையே இறக்க வேண்டும். அளவும் கெப்பாசிட்டர் மேல் மட்டும்தான் இருக்கிறது. கையேட்டில் ஒரு வரி கிடையாது. எழுத்து அழிந்துபோனால், வேகமாக ஓடட்டும் என்று யாராவது பெரிய அளவைப் போட்டுவிடுவார்கள், சுருள் சூடாகிக் கருகிவிடும். தேயும் என்று தெரிந்தே போடுகிற பாகத்தை இப்படியா ஒளித்து வைப்பது?

அதனால் தம்பி, இந்த மாடல் வேண்டாம். கூரையை ஒட்டிய கிண்ணத்தை இறக்கினால் கெப்பாசிட்டர் கைக்கு எட்டுகிற மாடலாகக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.