4.0 லிட்டர் ஜீப்புக்கு 4.6 லிட்டர் எஞ்சின்: வாங்கியது ஒன்று, கட்டியது ஒன்று

ஜீப்பின் நேர்வரிசை ஆறு சிலிண்டர் 4.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 1987ஆம் ஆண்டு மாடல் செரோக்கியில் அறிமுகமாகி, 2006ஆம் ஆண்டு மாடல் ராங்லரோடு விடைபெற்றது. அதன் உழைப்பைப் பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. குறையெல்லாம் இழுவையைப் பற்றியதுதான். 33 அங்குல டயர்களை மாட்டிக்கொண்டு, கொலராடோவில் 13,114 அடி உயரத்தில் இருக்கும் இமோஜீன் கணவாயில் ஏறும்போது, மெலிந்த காற்றில் எஞ்சின் தன் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்து, முதல் கியரிலேயே முனகிக்கொண்டு ஊரும்.

டென்வரில் வசிக்கும் எனக்கு 1998ஆம் ஆண்டு ராங்லரும், என் நண்பருக்கு 2000ஆம் ஆண்டு செரோக்கியும் இருக்கின்றன. சில மாத இடைவெளியில் இரண்டு வண்டிகளுக்கும் 4.6 லிட்டர் எஞ்சின் ஏறியது. அவர் முழுதாகக் கட்டி முடித்த எஞ்சினை ஒரு தயாரிப்பாளரிடம் வாங்கினார். நான் என் கேரேஜில் கட்டினேன். இரண்டையும் மாட்டியதிலும் ஓட்டியதிலும் எனக்குப் பங்கு உண்டு என்பதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். எட்டு சிலிண்டர் எஞ்சினை ஏற்றியிருக்கலாமே என்று கேட்போருக்கு ஒரு சொல்: இந்த 4.6 எஞ்சின் பழைய மவுண்டுகளிலேயே உட்கார்ந்து, பழைய கியர்பாக்ஸோடும் பழைய வயரிங்கோடும் அப்படியே இணைந்துவிடுகிறது. எட்டு சிலிண்டரில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி வேலை.

ஸ்ட்ரோக்கர் என்று அழைக்கப்படும் இந்த எஞ்சினின் சூட்சுமம் எளிமையானது. 1971 முதல் 1990 வரை வந்த 4.2 லிட்டர் எஞ்சினும் 4.0 எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட், பிளாக்கிலும் ராடுகளிலும் உட்காரும் பகுதிகளின் (மெயின் ஜர்னல், ராடு ஜர்னல்) அளவுகள் இரண்டிலும் ஒன்றே. ஆனால் 4.0இன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம், 86.7 மில்லிமீட்டர், 4.2இன் ஸ்ட்ரோக் 98.9 மில்லிமீட்டர். ஆகவே பழைய 4.2இன் கிராங்கை 4.0 பிளாக்கில் இறக்கி, சிலிண்டர் போரை, அதாவது உள்விட்டத்தை, 98.4இலிருந்து 99.2 மில்லிமீட்டராக விரித்தால் கொள்ளளவு 3,956 கனசென்டிமீட்டரிலிருந்து சுமார் 4,590க்கு உயர்கிறது. இதை மட்டும் கேட்பவர்களுக்கு ஒரு வார இறுதி வேலை போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சிக்கல் பிஸ்டன் நிற்கும் உயரத்தில் இருக்கிறது. ஸ்ட்ரோக் 12.2 மில்லிமீட்டர் கூடும்போது பிஸ்டன் அதில் பாதி, அதாவது 6.1 மில்லிமீட்டர், மேலே ஏறும். 4.2இல் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு 4.0இன் ராடைவிட 6.35 மில்லிமீட்டர் குட்டை என்பதால் அதையும் சேர்த்துப் போட்டால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் அனைவரும் பிடிக்கும் வழி இதுதான். ஆனால் பிஸ்டன் பிளாக்கின் மேல்மட்டத்துக்குக் கீழே முக்கால் மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். பிளாக்குக்கும் அதன் மேல் மூடும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் ஹெட் கேஸ்கெட்டின் 1.3 மில்லிமீட்டரையும் சேர்த்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது. அது ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால்தான் எரிகலவை ஓரங்களிலிருந்து நசுங்கி நடுவுக்குப் பாய்ந்து, சீராக எரியும். இடைவெளி அகன்று, கூடவே கலவை அழுத்தப்படும் விகிதமான கம்ப்ரஷனும் உயர்ந்திருந்தால், கலவை தன்னிச்சையாகப் பற்றி நாக்கிங் என்ற தட்டல் சத்தம் தொடங்கும். சரி, பிளாக்கின் மேல்மட்டத்தைச் சீவி இடைவெளியைக் குறைக்கலாம் என்றால் கம்ப்ரஷன் இன்னும் ஏறும். அதை இறக்க பிஸ்டன் தலையில் குழியை ஆழமாக்க வேண்டும். ஒரு முடிச்சை அவிழ்க்கப் போனால் இன்னொன்று இறுகும்.

நானும் முதலில் அந்த மலிவு வழியில்தான் போனேன். பழைய வண்டிகள் குவிந்துகிடக்கும் காயலான் கடையில் 1980களின் சிஜே ஜீப் ஒன்றிலிருந்து கிராங்கையும் ராடுகளையும் 180 டாலருக்குக் கழற்றி வந்தேன். மெஷின் ஷாப்பில் கிராங்கைத் தீட்டி, பிளாக்கைப் போர் செய்து வாங்கிய பிறகு, ஒரே ஒரு சிலிண்டரை மட்டும் ஒப்புக்குப் பூட்டி டயல் கேஜ் வைத்து அளந்தபோது மேலே சொன்ன இரண்டு மில்லிமீட்டர் கண்ணெதிரே நின்றது. புத்தகக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ராடுகளைத் தள்ளிவைத்துவிட்டு, 4.0இன் நீளமான ராடுகளையும், அவற்றுக்கென்றே உயரம் குறைத்து, தலையில் பெரிய குழியோடு செய்யப்படும் ஃபோர்ஜ்டு பிஸ்டன்களையும் வாங்கினேன். செலவு 600 டாலர் கூடியது. இடைவெளி 1.1 மில்லிமீட்டராகவும் கம்ப்ரஷன் 9.2ஆகவும் வந்தன. நீளமான ராடு பிஸ்டனைச் சிலிண்டர் சுவரில் பக்கவாட்டில் அழுத்துவதும் குறைவு. பிஸ்டனின் பாவாடைப் பகுதி விரிசல் விடுவது இந்த எஞ்சின் குடும்பத்துக்குத் தெரிந்த நோய் என்பதால் அதுவும் ஒரு நிம்மதி.

நண்பரின் கதை வேறு. 1999 கடைசியிலிருந்து 2001 வரை வந்த, 0331 என்ற வார்ப்பு எண்ணுள்ள ஹெட்டுகளில் மூன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்கு நடுவே விரிசல் விடுவது பலரும் அறிந்ததே. அவருடைய செரோக்கியில் அந்த ஹெட் வெடித்து, கூலண்ட் ஆயிலில் கலந்து, ஆயில் பால்காப்பி நிறத்துக்கு வந்து, அது தெரிவதற்குள் பேரிங்குகளும் தேய்ந்துவிட்டன. தினமும் வேலைக்குப் போக அவருக்கு வேறு வண்டி இல்லை. ஆகவே ஹெட் உட்பட முழுதும் கட்டிய எஞ்சினுக்கு, சரக்குக் கட்டணம் சேர்த்து 6,400 டாலர் கொடுத்தார். பழைய எஞ்சினைத் திருப்பித் தரும்வரை பிடித்துவைக்கும் வைப்புத்தொகை 500 டாலர் தனி. ஆறு வாரம் என்றவர்கள் பதினான்கு வாரத்தில் அனுப்பினார்கள். அத்தனை வாரமும் அவர் என் மனைவியின் காரில்தான் அலுவலகம் போனார் என்பதையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வந்த எஞ்சினின் வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. வார்ப்பு சுத்தம், போல்ட்டுகளில் முறுக்கிய அடையாளம், மாற்று வார்ப்பில் வந்த புதிய ஹெட். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அதை ஸ்டாண்டில் ஏற்றி ஓடவிட்டுப் பழக்கி அனுப்பியிருந்தார்கள். குறை அதனோடு வந்த காகிதத்தில் இருந்தது. கம்ப்ரஷன் 9.5 என்ற ஒற்றை எண்ணைத் தவிர அதில் வேறு அளவு எதுவும் இல்லை. பிஸ்டன் எத்தனை கீழே நிற்கிறது, எந்த ராடு, வால்வுகளைத் திறக்கும் கேம் எது என்று தொலைபேசியில் கேட்டதற்கு, எல்லாம் சரியாகவே இருக்கும் என்ற பதில்தான் கிடைத்தது. பெட்ரோலைப் பீய்ச்சும் பழைய இன்ஜெக்டர்களே போதும் என்றும் சொன்னார்கள், அது தவறு. எரிபொருள் அழுத்தம் 49 பிஎஸ்ஐ உள்ள இந்த வண்டிகளில், முழு ஆக்சிலரேட்டரில் கூடுதல் காற்றுக்கு ஈடுகொடுக்க மணிக்கு 24 பவுண்டு பாயும் இன்ஜெக்டர்களை மாற்றிய பிறகுதான் அவர் வண்டி மேட்டில் திணறாமல் ஏறியது.

டென்வரில் அவர் நாக்கிங்கைத் தாங்கும் திறன் குறைந்த 85 ஆக்டேன் பெட்ரோலிலேயே சிக்கலில்லாமல் ஓட்டினார். மெலிந்த காற்று சிலிண்டர் அழுத்தத்தைத் தானே குறைத்துவிடும். ஜூலை வெயிலில் சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கும் யூட்டா மாநிலத்து மோவாபுக்கு இறங்கிப் போன அன்று, முதல் நீண்ட ஏற்றத்திலேயே டப்பாவில் கோலிக்குண்டு குலுங்குவது போன்ற சத்தம் கேட்டது. 91 ஆக்டேன் ஊற்றிய பிறகு அடங்கியது. இரண்டு வாரம் கழித்து அதே சாலையில் 87 ஆக்டேனோடு என் வண்டி சத்தமில்லாமல் ஏறியது. அவருடைய எஞ்சினுக்குள் இடைவெளி எவ்வளவு என்று நான் அளந்ததில்லை; ஆனாலும் என் சந்தேகம் எந்தப் பக்கம் என்று வாசிப்பவர்களுக்குப் புரியும்.

நான் கட்டியதும் பழுதில்லாமல் வந்துவிடவில்லை. இந்த எஞ்சினின் கேம் ஷாஃப்ட் உருளை இல்லாத தட்டை லிஃப்டர்களைத் தேய்த்துச் சுழல்வது. புதுக் கேமை முதன்முறை ஓடவிடும்போது, துத்தநாகச் சேர்மம் நிறைந்த ஆயிலோடு, ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் இருபது முப்பது நிமிடம் ஓட்டியாக வேண்டும். கூலண்ட் குழாய் ஒன்று ஒழுகியதால் நான் நான்காம் நிமிடத்தில் நிறுத்தினேன். ஊற்றியிருந்ததும் சாதாரண ஆயில். 900 மைலில் ஒரு கேம் முனை மழுங்கி, ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்தபோது இரும்புத்தூள் மின்னியது. எஞ்சினை மீண்டும் இறக்கிப் பிரித்து, கழுவி, புதுக் கேமும் லிஃப்டர்களும் போட 700 டாலர் ஆயிற்று. வாரன்டி என்று யாரிடமும் போய் நிற்க முடியாது. ஆக, 3,900 டாலரில் முடிந்ததாக நான் மார்தட்டிக்கொண்டிருந்த எஞ்சின் 4,600இல் நின்றது, ஏழு மாத வார இறுதிகளைக் கணக்கில் சேர்க்காமல். நண்பருக்கு ஓராண்டு வாரன்டி இருந்தது. அதுவும் உதிரிபாகத்துக்கு மட்டுமே, கழற்றி மாட்டும் கூலிக்கு இல்லை.

ஓட்டத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. விற்பவர்கள் 250க்கு மேல் குதிரைத்திறன் என்கிறார்கள். என் ராங்லருக்குத் தொழிற்சாலையில் சொன்ன திறன் 181. புதிய எண்ணை நான் அளக்கவில்லை, அளக்கவும் தோன்றவில்லை, ஏனென்றால் பலன் 1,500 சுற்றிலேயே காலுக்குத் தெரிகிறது: ஐசனோவர் சுரங்கத்தை நோக்கி ஏறும் நெடுஞ்சாலையில் மூன்றாம் கியருக்கு இறங்காமல் நான்காம் கியரிலேயே போகிறேன், இமோஜீனில் மெதுவாக ஏறுவதற்கான லோ ரேஞ்சில் இரண்டாம் கியர் போதுமானதாக இருக்கிறது. பெட்ரோல் செலவு முன்போலவேதான். சூடு மட்டும் கூடியிருக்கிறது. பழைய ரேடியேட்டரை இரண்டு பேருமே மாற்றினோம்.

ஒரே வண்டியை நம்பி வாழ்கிறவர் எஞ்சினை வாங்கத்தான் வேண்டும். ஆனால் பணம் அனுப்புவதற்கு முன் பிஸ்டன் உயரம், கேஸ்கெட் தடிமன், ராடின் நீளம், கேமின் விவரம் நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். தர மறுப்பவரிடம் 6,400 டாலரைத் தர வேண்டியதில்லை. கட்ட நினைப்பவருக்கு இன்னொரு வண்டியும், அளவைச் சொன்னால் அந்த அளவில் வேலை செய்து தரும் மெஷின் ஷாப்பும், டயல் கேஜை நம்பும் பொறுமையும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மிச்சமாகும் 1,800 டாலருக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

ஹெட் விரிசல் விட்டிருப்பதைக் காரணம் காட்டி, நண்பரின் பழைய எஞ்சினுக்கு வைப்புத்தொகை திரும்பாது என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். அந்தப் பிளாக் இப்போது என் கேரேஜில் இருக்கிறது. போரை ஆறு சிலிண்டரிலும் அளந்துவிட்டேன். தேய்மானம் சொற்பம், 99.2 மில்லிமீட்டருக்குத் தாராளமாக வரும். காயலான் கடைக்காரரிடம் இன்னொரு 4.2 கிராங்குக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.