கிராவல் சைக்கிளில் 4 ஆண்டுகள், 11,000 கிலோமீட்டர்

இந்த சைக்கிளை வாங்கும்போது பெரிய கனவு எதுவும் இல்லை. வீட்டு வாசலில் ஏறி, பூங்காவைக் குறுக்கே கடந்து, கால்வாய்க் கரையைப் பிடித்து, காட்டுத்தடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மதியத்துக்குள் திரும்ப வேண்டும். வண்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கும் போகக் கூடாது. இவ்வளவுதான் கேட்டேன். நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. மீட்டர் 11,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. அதில் முக்கால் பங்கு வீட்டைச் சுற்றி 25 கிலோமீட்டருக்குள் ஓட்டியதுதான்.

கிராவல் என்றதும் சாலை போடக் கொட்டும் சரளைதான் நினைவுக்கு வரும். வண்டியின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். பந்தய சைக்கிளைப் போலக் கீழே வளைந்த ஹேண்டில்பார், ஆனால் 38 முதல் 45 மி.மீ. வரை அகலமான டயர், டிஸ்க் பிரேக், ஏற்றத்துக்கு இலகுவான கியர். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்ற ஊரில் 2006-ல் தொடங்கிய நெடுந்தூரச் சரளைப் பந்தயம் இந்த வகைக்கு ஊக்கம் கொடுத்தது. 2019-ல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் இதற்கென்றே ஜிஆர்எக்ஸ் என்ற கியர் தொகுதியைக் கொண்டுவந்தது; 2022-ல் இத்தாலியில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. இதனால் இந்த வண்டிகளைப் பற்றிய பேச்சில் பாதி, எடையையும் வேகத்தையும் சுற்றியே போகிறது. பக்கத்துப் பாதைகளில் தினம் ஓட்டுகிறவருக்கு அவை இரண்டாம்பட்சம். இந்த வண்டியின் உயிர் டயரில் இருக்கிறது; அதை நான் தெரிந்துகொள்ள ஓர் ஆண்டு ஆயிற்று.

முதல் சில மாதங்கள் 50 பி.எஸ்.ஐ. வரை காற்றடித்து ஓட்டினேன். கல்லாக இறுகிய டயர்தான் வேகமாக உருளும் என்பது என் நினைப்பு. சரளையில் நடந்தது நேர்மாறு. ஒவ்வொரு கூழாங்கல்லிலும் வண்டி துள்ளியது. மிதித்த மிதி முன்னே போகாமல் துள்ளலிலேயே கரைந்தது. உள்ளங்கையும் முதுகும் அதை வாங்கிக்கொண்டன. பிறகு வாரத்துக்கு இரண்டு பி.எஸ்.ஐ. குறைத்து, ஒரே ஆறு கிலோமீட்டர் கரைப்பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். என் எடை 72 கிலோ. 40 மி.மீ. ட்யூப்லெஸ் டயரில் முன்னே 28, பின்னே 31 வந்ததும் வண்டி தரையோடு பேச ஆரம்பித்தது. சரளையின் சலசலப்பு காதில் கேட்கிறது, கையில் ஏறவில்லை. 25-க்குக் கீழே இறக்கினால் மர வேரில் ஏறும்போது ரிம் 'டக்'கென்று தட்டுகிறது. இந்த அளவுகளில் இரண்டு பி.எஸ்.ஐ. வித்தியாசம்கூட உடம்புக்குத் தெரியும். பம்போடு வந்த மானியின் முள் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் நம்பும்படி இல்லை. தனியாக ஒரு டிஜிட்டல் மானி வாங்கினேன். இந்த வண்டிக்காக வாங்கிய துணைப் பொருள்களில் மிகவும் பயன்பட்டது அதுதான்.

ட்யூப்லெஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டயருக்குள் ட்யூப் இல்லை. ரப்பர் பால் கலந்த அடைப்புத் திரவம் 60 முதல் 90 மில்லி வரை ஊற்றுகிறோம். வேலி வெட்டிய மறுநாள் கரைப்பாதை முழுவதும் முள் கிடக்கும். அப்படி ஒரு நாள் முன் டயரில் கட்டை விரல் நீளத்தில் ஒரு முள் நின்றது. பிடுங்கியதும் 'உஸ்'ஸென்ற சத்தத்தோடு வெள்ளைத் துளிகள் தெறித்தன. துளை அடியில் வரும்படி சக்கரத்தைத் திருப்பிப் பிடித்தேன். பத்து எண்ணுவதற்குள் நுரை கட்டி, சத்தம் தேய்ந்து, நின்றுவிட்டது. அன்றைக்கு மீதி 30 கிலோமீட்டரையும் அப்படியே ஓட்டினேன்.

அந்த நம்பிக்கையே பிறகு ஒரு நாள் என்னை நடக்க வைத்தது. திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். எட்டு மாதம் நான் அதைப் பார்க்கவே இல்லை. பஞ்சரானதும் சக்கரத்தைக் குலுக்கினேன். உள்ளே சலம்பும் ஓசையே இல்லை. கைவசம் இருந்த ட்யூபைப் போட்டுக் காற்றடித்தேன். நூறு மீட்டர் போவதற்குள் அதுவும் இறங்கியது. டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவியபோதுதான் காரணம் கையில் தட்டியது. முன்பு திரவம் அடைத்த துளைகளில் மூன்று முள் நுனிகள் அங்கேயே ஒடிந்து நின்றன. ட்யூப்லெஸ்ஸில் அவை இருப்பதே தெரியாது. ட்யூப் போட்டால் ஊசி. அன்று ஏழு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாள்காட்டியில் குறித்துவைத்துத் திரவம் சேர்க்கிறேன். வழியில் ட்யூப் போட நேர்ந்தால், முதலில் உட்புறம் முழுவதையும் தடவிப் பார்த்து முள்ளை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது கால்வாய்க் கரை. நான் அதிகம் நேசிக்கும் பாதை இதுதான். ஆகவே அதன் குணத்தை மறைக்காமல் சொல்கிறேன். என்ஜின் வருவதற்கு முன் குதிரையும் கோவேறு கழுதையும் கரையில் நடந்து, படகைக் கயிற்றால் இழுத்த தடம் இது. நீர் மட்டத்தை ஒட்டியே போகும். படகை ஒரு நீர் மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் மதகு வரும் இடத்தில் மட்டும் சட்டென்று ஒரு சிறு ஏற்றம். அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை செல்லும் செசபீக் - ஒஹாயோ கால்வாயின் கரைப்பாதை சுமார் 297 கிலோமீட்டர் நீளம். 74 மதகுகளைக் கடந்தும் அது ஏறும் உயரம் மொத்தம் 184 மீட்டர்தான்.

இவ்வளவு சமதளம் என்றால் சுலபம் என்று தோன்றும். உடம்பு அப்படிச் சொல்வதில்லை. இறக்கமே இல்லாததால் மிதிப்பதை நிறுத்த வழியில்லை. மலைப்பாதையில் எழுந்து நின்று ஏறுவோம், உட்காராமல் இறங்குவோம், இடுப்புக்கு ஓய்வு கிடைக்கும். கரையில் மூன்று மணி நேரமும் அதே இருக்கை, அதே அழுத்தம். 60 கிலோமீட்டர் மேடுபள்ளத்தில் வராத வலி எனக்கு 40 கிலோமீட்டர் கரையில் வந்தது. என் இடுப்பெலும்பின் அகலத்துக்கு ஏற்ற இருக்கையை மாற்றினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, தேவையோ இல்லையோ, எழுந்து நின்று இருபது மிதி மிதிக்கிறேன். கை மரத்துப்போகும் தொல்லைக்கு ஹேண்டில்பாரில் தடித்த டேப் சுற்றியது பாதி உதவியது. ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மின் நீளத்தை 20 மி.மீ. குறைத்தது மீதியைத் தீர்த்தது.

பழைய பாலங்களின் அடியில் பாதை குறுகும். வளைவு தலைக்கு மேலேயே வந்துவிடும். அப்படி ஒரு பாலத்தின் முனையில் இறங்கி நின்று பார்த்திருக்கிறேன். கல்லைக் காக்கப் பதித்த இரும்பிலேயே இழுகயிறு தேய்த்த வடுக்கள். என் சுண்டு விரல் அதில் முழுதாக அடங்கியது. நனைந்த கயிறும் அதில் ஒட்டிய மணலும் எத்தனை ஆண்டுகள் அறுத்திருக்கும்! அங்கே செங்கல் தளத்தில் பாசி பிடித்திருக்கும். குதிரைக் குளம்பு வழுக்காமல் இருக்கக் குறுக்கே வரப்புபோல் எழுப்பிய கற்களும் இருக்கும். மழை நாளில் அப்படியொரு இடத்தில் முன் பிரேக்கைத் தொட்டேன். சக்கரம் வழுக்கி முழங்கையில் தோல் போயிற்று. வேகத்தை வெளியிலேயே குறைத்துக்கொண்டு, பாலத்தின் அடியில் பிரேக்கும் பிடிக்காமல், திருப்பவும் திருப்பாமல் நேராகப் போவதுதான் சரி. எதிரே ஆள் வந்தால் இறங்கிவிடுகிறேன்.

கரையும் பூங்காவும் நடப்பவர்களுடையவை. மணி கட்டாயம் வேண்டும். ஆனால் மிக அருகில் போய் அடித்தால் திடுக்கிட்டு நம் பக்கமே திரும்புவார்கள். முப்பது மீட்டருக்கு முன்பே ஒருமுறை, பிறகு வேகத்தைக் குறைத்து ஒரு வார்த்தை. குதிரையைக் கண்டால் மணி கூடாது, குரல் கொடுப்பதே நல்லது. தூண்டில்காரர்களின் நீளக் கம்புகள் பாதைக்குக் குறுக்கே கிடக்கும். அவர் எடுக்கும்வரை நிற்க வேண்டியதுதான்.

பூங்கா வாசல்களில் மோட்டார் சைக்கிளைத் தடுக்க வைத்திருக்கும் குறுகிய கம்பிகளில் இந்த வண்டியின் அருமை தெரியும். மலை சைக்கிளின் ஹேண்டில்பார் 75 செ.மீ. இருக்கும், மாட்டிக்கொள்ளும். இதில் 46 செ.மீ.; சறுக்கென்று நுழைந்துவிடும். அதே நேரம், பெரிய வேர்களும் பாறைப் படிகளும் நிறைந்த தடத்தில் மலை சைக்கிளோடு போட்டி போட இதனால் முடியாது. இரண்டு முறை முயன்றேன். இப்போது அங்கே நடந்தே போகிறேன்.

தேய்மானம் எதிர்பார்த்ததைவிட அதிகம். கரையின் நுண்மணல் மழையில் குழம்பாகி செயினை அரைக்கிறது. 12 முழுக் கண்ணிகளின் நீளம் 305 மி.மீ. இருக்க வேண்டும், ஒன்றரை மி.மீ. கூடினால், அதாவது அரை சதவீதம், மாற்றிவிடுகிறேன். இதுவரை நான்கு செயின்கள். பின் பற்சக்கரத் தொகுதி ஒன்றே தாங்குகிறது, காலத்தோடு செயினை மாற்றியதால்தான். ரெசின் பிரேக் பட்டைகள் ஒரே மழைக்காலத்தில் தகடு தெரியத் தேய்ந்தன. உலோகப் பட்டைக்கு மாறினேன். ஈரத்தில் கீச்சிடும், ஆனால் இரண்டு மடங்கு உழைக்கிறது. மாறுவதற்கு முன் டிஸ்க்கில் 'ரெசின் பட்டைக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கழுவும்போது அழுத்த நீரை பேரிங் பக்கம் காட்ட வேண்டாம். வாளியும் பிரஷும் போதும்.

இப்போதைய டயரின் நடுப்பட்டை வழவழப்பாகிவிட்டது. அடுத்து 45 மி.மீ. போட நினைத்து, போன வாரம் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி இடைவெளியை அளந்தேன். பின்பக்கம் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே 9 மி.மீ. இருக்கிறது, அகலமான டயர் போட்டால் பக்கத்துக்கு ஆறரை மிஞ்சும். மட்கார்டைக் கழற்றினால் சேறு அடைக்காமல் ஓடும். மழைக்காலம் முடியும்வரை மட்கார்டு எனக்கு வேண்டும். அதுவரை பழைய டயரே ஓடட்டும். வெயில் வந்ததும் 45-ஐ மாட்டி, 26 பி.எஸ்.ஐ.-யிலிருந்து தொடங்கிப் பார்க்கப்போகிறேன்.