அளந்து சொல்வதா, கூட இருந்து செய்வதா?

சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15-ஆம் தேதி விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டுவிடும். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மே மாதம் முடியும்வரை தொழில் நடக்கும். ஜூன் 1-இல்தான் நிற்கும். ஒரே குமரி மாவட்டம், கிழக்குக் கரைக்கு ஒன்று, மேற்குக் கரைக்கு ஒன்று என்று இரண்டு மீன்பிடித் தடைக்காலம், ஒவ்வொன்றும் 61 நாள். ஒரு வீட்டின் இரண்டு மாத வருமானத்தை முடிவுசெய்யும் இப்படிப்பட்ட விதிகளுக்குப் பின்னால் எந்த வகை ஆய்வு இருக்க வேண்டும்?

உலக வளர்ச்சித் துறையில் இன்று அதிகம் மதிக்கப்படுவது குலுக்கல் முறைச் சோதனை. ஊர்களைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் திட்டத்தைக் கொடுத்து, மற்றதோடு ஒப்பிடுவார்கள். 1997-இல் மெக்சிகோ தொடங்கிய ‘ப்ரோக்ரேசா’ இப்படி 506 ஊர்களில் அளக்கப்பட்டது. பிள்ளை பள்ளிக்குப் போனால் தாயின் கையில் பணம். 2000-இல் ஆட்சி மாறியும் திட்டம் பிழைத்ததற்கு அந்த அளவீடு பெரிய காரணம். தமிழ்நாடு அரசும் 2014-இல், இப்படிச் சோதனை நடத்தும் ஜே-பால் என்ற ஆய்வு அமைப்போடு கைகோத்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான பொருளியலாளர் எஸ்தர் டஃப்லோ 2021-இல் முதல்வரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் சேர்ந்தார். நிதித்துறைக்கு இந்த வழி பிடிக்கும், ஏனென்றால் கையில் ஒரு எண் கிடைக்கிறது. பள்ளி, சத்துணவு, உதவித்தொகைக்கு நானும் இதையே சொல்வேன்.

ஆனால் கடலை எப்படிக் குலுக்கிப் பிரிப்பது? இந்தப் பக்கம் இழுவை மடி (படகு இழுத்துப்போகும் பெரிய வலை) போடு, அந்தப் பக்கம் போடாதே என்றால் மீன் இரண்டு பக்கமும் போகும்.

அடுத்த வழி நிபுணர் குழு. கேரளத்தில் பாபு பால், கலவார், பாலகிருஷ்ணன் நாயர் என்று 1981-இலிருந்து வரிசையாகக் குழுக்கள் வந்தன. மழைக்கால இழுவைத் தடை 1988-இல்தான் வந்தது. அறிக்கைகளோடு சிறுதொழில் மீனவர்களின் உண்ணாவிரதமும் மறியலும் சேர்ந்துதான் அதைக் கொண்டுவந்தன. இத்தனைக்கும், 1953-இல் நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் சிறு மீனவரை உயர்த்தத்தான் வந்தது. இறால் ஏற்றுமதி சூடுபிடித்ததும் அது இழுவைப் படகுப் பக்கம் சாய்ந்தது. நல்ல எண்ணமும் நிபுணத்துவமும் இருந்தன. கரையில் நிற்பவரின் கேள்விக்குத்தான் இடமில்லாமல் போனது.

மூன்றாவது வழியை நம் முட்டத்தில் பார்க்கலாம். கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் நல்ல தடி கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிய காலம். 1980-களின் தொடக்கத்தில் பியர் ஜில்லே என்ற பொறியாளர் அங்கேயே படகுக்கட்டும் நிலையத்தில் இருந்து, மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் படகுகளைச் செய்து பார்த்தார். கடலில் இறக்குவது, குறை கேட்பது, மாற்றுவது, மறுபடி இறக்குவது. எந்த அரசாணைக்கும் காத்திராமல் அந்தப் படகு கரையோரமாகப் பரவியது. மெதுவான வழிதான், அடுத்த மாநிலத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. ஆனாலும் மீன்பிடித் தொழிலைப் பொறுத்தவரை என் ஓட்டு இதற்குத்தான். கேள்வி இங்கே பிறக்கட்டும், குழுவும் சங்கமும் அப்புறம் அதை அரசாணையாக்கட்டும்.

2017-இல் ஒக்கி புயலில் தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் ஆட்கள் கரையோடு பேச வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு முதலில் வந்த, செயற்கைக்கோள் வழியாக இயங்கும் நாவிக் கருவி எச்சரிக்கையை வாங்கும். படகிலிருந்து பதில் அனுப்பாது. வடிவமைக்கும் முன்பே தூத்தூரில் பத்துப் பேரிடம் கேட்டிருந்தால், திருப்பிப் பேசும் வசதியைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள்.