கல்லூரிப் படிப்புக்கு டேப்லெட்டா, இ-ரீடரா?

டேப்லெட் வாங்கலாமா, கிண்டில் மாதிரி மின்னூல் படிப்பதற்கென்றே செய்த இ-ரீடர் வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கண்ணில்தான் ஆரம்பிக்கிறார்கள். "இ-ரீடர் கண்ணுக்கு நல்லதாமே?" நல்லதுதான், அதற்கு அப்புறம் வருவோம். முதலில், போன செமஸ்டரில் படிப்புக்காக நீங்கள் டவுன்லோடு செய்த ஃபைல்களை ஒருமுறை பாருங்கள். பிடிஎஃப் எத்தனை, மின்னூல்களுக்கான இபப் எத்தனை? பிடிஎஃப்களில் ஒழுங்காகத் தட்டச்சு செய்தவை எத்தனை, யாரோ புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கோணல்மாணலாக ஸ்கேன் செய்தவை எத்தனை? இந்தக் கணக்கு கைக்கு வந்தாலே பாதி முடிவு ஆன மாதிரி.

நான் இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கியவன். முதுகலை சேர்ந்த கையோடு ஆறு அங்குல இ-ரீடர் ஒன்றை வாங்கிவிட்டேன். கதைப் புத்தகம் படிக்கத் தங்கமான பொருள். ஆனால் பாடத்துக்கென்று அதில் முதலில் திறந்தது ஓர் ஆய்வுக் கட்டுரை. பக்கத்துக்கு இரண்டு பத்தியாக அச்சாகியிருக்குமே, அந்த வகை. முழுப் பக்கமும் தெரியும்படி வைத்தால் எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. இரண்டு விரலால் பெரிதாக்கினால் திரை ஒரு கணம் யோசிக்கும், கறுத்து வெளுக்கும், பிறகு பக்கத்தின் நடுத்துண்டைக் காட்டும். இடது பத்தியைக் கீழ்வரை இழுத்து இழுத்துப் படித்துவிட்டு, வலது பத்தியின் தலைக்கு ஏற மறுபடியும் இழுக்க வேண்டும். அதற்குள் வாக்கியத்தின் முன்பாதி மறந்திருக்கும். நடுவில் "படம் 3-ஐப் பார்க்க" என்று வந்தால் தீர்ந்தது கதை. மூன்று பக்கம் தாண்டிப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பெரிதாக்கி வைத்திருந்த அளவு போய் மறுபடி எறும்பு வரிசை நிற்கும். எட்டுப் பக்கக் கட்டுரைக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது.

இதில் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. சாதாரண இபப் ஃபைலில் எழுத்தும் படமும் வரிசையாக இருக்கும், பக்கம் என்று ஒன்று கிடையாது. திரை சின்னதானால் வரி உடைந்து அடுத்த வரிக்கு இறங்கிக்கொள்ளும், எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்கள் கூடிக்கொள்ளும். பிடிஎஃப் அதற்கு நேர் எதிர். 1993-ல் அடோபி அதைக் கொண்டுவந்ததே, எந்தக் கணினியில் திறந்தாலும் எந்தப் பிரிண்டரில் அடித்தாலும் பக்கம் இம்மியும் மாறாமல் வர வேண்டும் என்பதற்காகத்தான். அந்தப் பிடிவாதம்தான் சின்னத் திரையில் நம்மைப் படுத்துகிறது.

எவ்வளவு படுத்தும் என்பதைக் கணக்காகவே போட்டுவிடலாம். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. ஏழு அங்குல கிண்டில் பேப்பர்ஒயிட்டின் திரை அகலம் சுமார் 107 மி.மீ. பக்கம் பாதியாகச் சுருங்குகிறது; 10 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட் ஆகிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்துப் பார்த்தவர்களுக்கு அது என்ன பாடு என்று தெரியும். இ-ரீடர்களில் இருக்கும் இ-இங்க் என்ற தாள் மாதிரித் திரையோடு வரும் 10.3 அங்குலக் கருவிகளிலும் 11 அங்குல சாதாரண ஐபேடிலும் அகலம் கிட்டத்தட்ட 157, 158 மி.மீ. அதாவது முக்கால் அளவு, 10 பாயின்ட் ஏழரை ஆகும். பழகிக்கொள்ளலாம். ஆனால் நீளவாக்கில் ஒடுங்கிய 16:10 திரை உள்ள ஆண்ட்ராய்டு டேப் என்றால், அதே 11 அங்குலத்துக்கு 148 மி.மீ. அகலம்தான் கிடைக்கும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. பிடிஎஃப் படிப்பவருக்கு வேண்டியது அகலம். 13 அங்குல ஐபேடில் பக்கம் 90 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்துவிடுகிறது. கண்ணுக்கு நிம்மதி, கைக்கு இல்லை. எடை 600 கிராம் வரும். ஏழு அங்குல கிண்டில் 211 கிராம்தான்.

சரி, இ-இங்க் திரை ஏன் இப்படி மெதுவாக இருக்கிறது? அந்தத் திரைக்குள் தலைமுடித் தடிமன் அளவுள்ள லட்சக்கணக்கான நுண்குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் திரவத்தில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்சாரம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கேற்ப ஒன்று மேலே வரும், இன்னொன்று அடியில் போகும். மேலே வந்த துகள் மின்சாரத்தை நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும். அதனால்தான் திரைக்குப் பக்கம் மாறும்போது மட்டும் சார்ஜ் செலவாகிறது, ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. ஆனால் துகள்கள் நிஜமாகவே நீந்தி வர வேண்டியிருப்பதால் வேகம் கிடையாது, பழைய பக்கத்தின் நிழலும் லேசாகத் தங்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பிறந்த இந்த நுட்பத்துக்காக 1997-ல் தனி நிறுவனமே தொடங்கினார்கள். 2004-ல் ஜப்பானில் சோனி இதை வைத்து முதல் இ-ரீடரை விற்றது, 2007-ல் கிண்டில் வந்தது. அன்றைக்கு இருந்த மந்தம் இப்போது நிறையக் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

தேர்வுக்கு முந்தின ராத்திரி இந்த மந்தம் தன் முழு வேலையையும் காட்டும். அன்றைக்கு யாரும் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பதில்லை. "இடது பக்கத்தில் கீழே ஒரு அட்டவணை இருந்ததே" என்று தேடி, முன்னே போய், பின்னே வந்து, ஒரு சூத்திரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கணக்குக்குத் திரும்பி என்று அலைவோம். டேப்லெட்டில் விரலால் ஒரு தள்ளு தள்ளினால் ஐம்பது பக்கம் ஓடும். இ-ரீடர் நின்று நிதானித்து ஒருமுகமாகப் படிக்கப் பிறந்தது. அவசரத்துக்கு அதனிடம் போய் நிற்கக் கூடாது.

இப்போது கண். திரையில் படிக்கும்போது கண் உலர்ந்து எரிவதற்கு முக்கியக் காரணம் நாம் இமைக்க மறப்பது. இ-ரீடர் வாங்கிவிட்டால் இமைத்துவிடுவோம் என்று சொல்ல முடியாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வது எந்தத் திரைக்கும் பொருந்தும். இ-இங்க்கின் உண்மையான பலம் வெளிச்சத்தில் இருக்கிறது. ஜன்னலோரம், மரத்தடி, வெயில் அடிக்கும் பஸ் சீட்டு, எங்கே உட்கார்ந்தாலும் அச்சுத்தாள் மாதிரி தெரியும். டேப்லெட் அங்கே முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். ராத்திரிப் படிப்பைப் பற்றி 2014 இறுதியில் அமெரிக்காவிலிருந்து வெளியான ஓர் ஆய்வை நிறையப் பேர் எடுத்துக்காட்டுவார்கள். தூங்கும் முன் ஐபேடில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடத் தூக்கம் வரத் தாமதமானது என்பது அதன் முடிவு. அதில் பங்கேற்றவர்கள் 12 பேர், திரையும் முழு வெளிச்சத்தில் இருந்தது. அதனால் அதை மட்டும் வைத்து டேப்லெட்டை ஒதுக்க வேண்டாம். வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் போதும். இப்போது வரும் இ-ரீடர்களிலும் விளக்கு உண்டு, ஓரத்திலிருந்து திரையின் மேல் விழும் விளக்கு. அதையும் குறைத்து வைப்பதே நல்லது.

கண்ணைவிடக் கல்லூரிக்காரர்களுக்கு முக்கியமானது கை. கோடு போடாமல், ஓரத்தில் கிறுக்காமல் படித்தால் மண்டையில் ஏறாதவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி. பேனா வைத்த டேப்லெட்டுக்கு இங்கே ஈடே இல்லை. திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் புரொஃபசர் அனுப்பிய ஸ்லைடு, மறுபாதியில் நம் நோட்டு. கரும்பலகையைப் படமெடுத்து அதே நோட்டில் ஒட்டி, அதன் மேலேயே அம்புக்குறி போடலாம். சமன்பாடு எழுத வேண்டிய யாருக்கும் கீபோர்டைவிட இது பத்து மடங்கு மேல்.

ஆனால் பேனா விஷயத்தில் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். ஐபேடுக்குப் பேனா தனி, அதிலும் எல்லாப் பேனாவும் எல்லா ஐபேடுக்கும் சேராது. யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் அழுத்தத்துக்கு ஏற்பக் கோட்டைத் தடிமனாக்காது. படம் வரைபவர்களுக்கு அது குறை, பாடக்குறிப்பு எழுதுபவர்களுக்கு ஒன்றுமில்லை. சாம்சங்கின் கேலக்ஸி டேப் எஸ் வரிசையில் எஸ் பென் பெட்டிக்குள்ளேயே வரும், எழுத அதற்குச் சார்ஜும் வேண்டாம். அதே கம்பெனியின் டேப் ஏ9 எஸ் பென்னை ஏற்காது. பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று நம்பி வாங்கிவிட்டு, ரப்பர் முனை வைத்த ஏதோ ஒரு குச்சியால் எழுத முயன்றால் உள்ளங்கை படும் இடமெல்லாம் கோடு விழும். இரண்டு நாளில் வெறுத்துவிடும்.

இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே நிற்பவை பேனா வைத்த பெரிய இ-இங்க் கருவிகள்: ரிமார்க்கபிள், கிண்டில் ஸ்கிரைப், கோபோ எலிப்சா, பூக்ஸ். எழுதும் உணர்வில் டேப்லெட்டின் கண்ணாடி இவற்றிடம் தோற்றுப்போகும். சொரசொரப்பான பரப்பில் பேனா உரசும் சத்தமே எழுதத் தூண்டும். பிடிஎஃப்பின் மேல் நேரடியாகக் கிறுக்கலாம். இபப்பில் மட்டும் சிக்கல், அதற்கும் பழைய காரணம்தான். பக்கமே இல்லாத ஃபைலில் கையால் போட்ட வட்டம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? எழுத்தளவை மாற்றினால் வரி நகர்ந்துவிடும், வட்டம் அந்தரத்தில் நிற்கும். பூக்ஸ் ஆண்ட்ராய்டில் ஓடுவதால் பல கம்பெனிகளின் படிப்பு ஆப்களையும் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் அவை வேகமான திரைக்காக எழுதியவை என்பது ஒவ்வொரு தொடுதலிலும் தெரியும். தினமும் நாற்பது ஐம்பது பக்கம் கட்டுரை படித்துக் குறிப்பெடுக்கும் ஆய்வு மாணவருக்கு இந்த வகையை யோசிக்காமல் சொல்வேன். இளங்கலை மாணவருக்கு இது ஆடம்பரம்.

நிறத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கலர் இ-ரீடர்கள் வந்துவிட்டன. கோபோ லிப்ரா கலரில் கறுப்பு வெள்ளை எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி, கலர் 150 புள்ளி. அட்டைப்படம் பார்க்கலாம், ஹைலைட் செய்த நிறம் தெரியும். திசுக்களின் நுண்ணோக்கிப் படமோ நிலவியல் வரைபடமோ என்றால் டேப்லெட்தான்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று நூலகப் பூட்டு. பல்கலைக்கழக நூலகங்கள் இரவல் தரும் மின்னூல்களில் பலவும் அடோபியின் பூட்டோடு வரும். கெடு முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும். கிண்டில் அந்தப் பூட்டைத் திறக்காது. கோபோ திறக்கும், ஆனால் கணினி வழியாக ஏற்ற வேண்டும். சில நூல்கள் பிரௌசருக்குள் மட்டுமே திறக்கும். அவற்றுக்கு எந்த இ-ரீடரும் உதவாது. எனக்கு ஒரு செமஸ்டரின் மூன்று பாடநூல்களும் இந்த ரகமாக அமைந்தன. தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்தின எழுத்துருவில் செய்த பிடிஎஃப். பார்க்க அழகாக இருக்கும், ஒரு சொல்லைத் தொட்டு அகராதியில் தேடினால் வெறும் குப்பை வரும். அது எந்தக் கருவியிலும் அப்படித்தான்.

கவனச்சிதறலுக்காகவே இ-ரீடர் வாங்குகிறேன் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். அதில் வேறு எதுவும் செய்ய முடியாது என்பதே பெரிய விஷயம். டேப்லெட்டையும் ஒரே ஆப்பில் கட்டிப்போடலாம், ஐபேடில் அதற்குக் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப்பைப் பின் செய்யும் வசதி. ஆனால் பூட்டும் நம் கையில், சாவியும் நம் கையில்.

என்னைக் கேட்டால், கையில் நல்ல லேப்டாப் இருக்கிறது, பாடம் வரலாறோ இலக்கியமோ சட்டமோ, ஃபைல்களில் இபப் நிறைய இருக்கிறது என்றால் ஏழு அங்குல இ-ரீடர் போதும். பிடிஎஃப்புக்கு லேப்டாப் இருக்கவே இருக்கிறது. அறிவியல், பொறியியல், மருத்துவம் என்றால் பேனா ஏற்கும் டேப்லெட். நான் வாங்காதே என்று சொல்வது ஒன்றைத்தான், விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கும் பேனா ஏற்காத டேப்லெட். அது பெரிய சைஸ் போன். ஸ்கேன் பிடிஎஃப்பைத் திறந்தால் திணறும், எழுதவும் விடாது, வீடியோ மட்டும் நன்றாக ஓடும்.

எதுவாக இருந்தாலும் வாங்குவதற்கு முன் உங்கள் ஃபைல்களிலேயே படுமோசமான ஸ்கேனை, முந்நூறு நானூறு பக்கம் உள்ளதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போங்கள். காட்சிக்கு வைத்திருப்பதிலோ நண்பரிடம் இருப்பதிலோ அதைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு பத்தியைப் பெரிதாக்கி வைத்துவிட்டு, நாற்பது பக்கம் தள்ளிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். விட்ட இடமும் பெரிதாக்கிய அளவும் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள்.