லிஸ்பனில் ஒரே ஒரு நாள்: அல்ஃபாமா மேடா, பெலேம் ஆற்றங்கரையா?

லிஸ்பனுக்கு ஒரு நாள் மட்டும் ஒதுக்கிக்கொண்டு போகிறவர்கள் காலையில் பெலேம், மதியம் அல்ஃபாமா என்று இரண்டையும் திணிக்கப் பார்ப்பார்கள். முதல் முறை நானும் அதைத்தான் செய்தேன். பாதி நாள் வரிசையில் போனது, மீதி ட்ராமுக்குக் காத்திருந்ததில் போனது. அடுத்த முறை இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு நாள் கொடுத்தேன். எதை விடலாம் என்பது அப்புறம்தான் புரிந்தது.

பெலேம் நகர மையத்திலிருந்து மேற்கே சுமார் 6 கிலோமீட்டர். தேஜோ ஆற்றை ஒட்டிய சமதளம். முழங்கால் வலிக்காரர்களோ தள்ளுவண்டிக் குழந்தையோ கூட இருந்தால் மேலே படிக்கவே வேண்டாம், பெலேமுக்குப் போய்விடுங்கள். எல்லோரும் 15-ம் எண் ட்ராமில் பிதுங்கிக்கொண்டு போவார்கள். கைஷ் டோ சொட்ரே நிலையத்தில் கஷ்கைஷ் போகும் ரயிலைப் பிடித்தால் பத்து நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம். ஆனால் பெலேமில் நிற்கும் ரயில்தானா என்று பார்த்து ஏறுங்கள்.

அங்கே பார்க்க வேண்டியது ஜெரோனிமோஸ் மடம். 1501-ல் கட்டத் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவோடும் கீழை நாடுகளோடும் நடந்த வணிகத்தின் மேல் போட்ட ஏறத்தாழ 5 சதவீத வரிதான் இதற்குப் பணம். அந்த வரிக்குப் பெயரே 'மிளகின் இருபதில் ஒரு பங்கு'. தேவாலயத்துக்குள் நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1524-ல் கொச்சியில் இறந்த மனிதர், இங்கே கைகூப்பிய கற்சிலையாகப் படுத்திருக்கிறார். நம் பக்கத்துக் கடற்கரைக்கு அவர் என்ன கொண்டுவந்தார் என்று தெரிந்தவர்களுக்கு அந்த அமைதியான முகம் கொஞ்சம் உறுத்தும். எனக்கு உறுத்தியது. கயிறு முறுக்கு, பவளம், கடல் செடி என்று தூண் தூணாகச் செதுக்கிய உள்முற்றம் மட்டும் டிக்கெட் காசுக்குத் தகும். பெலேம் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தாலே போதும். திங்கட்கிழமை மடத்துக்கு விடுமுறை. உங்கள் ஒரே நாள் திங்களாக இருந்தால் போட்டியே முடிந்தது.

அல்ஃபாமா வேறு ரகம். அரபு மொழியில் வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். 1755 நவம்பர் 1-ம் தேதி பூகம்பத்தில் கீழே பைஷா பகுதி தரைமட்டமானது. பிறகு அதைக் கட்டம் போட்டது போல நேர்த் தெருக்களாகத் திரும்பக் கட்டினார்கள். இந்த மேடு பெரும்பாலும் தப்பியதால் பழைய சந்துகள் அப்படியே இருக்கின்றன. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். தலைக்கு மேல் யார் வீட்டுச் சட்டையிலிருந்தோ சொட்டும். ஜன்னல், சாவி, அலமாரி, மேஸ்திரி என்று நாம் தினமும் சொல்லும் சொற்கள் இந்த ஊர் பாஷையான போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவை. 1554-ல் தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டு ஒரு சிறு நூலை வெளியிட்டதும் இதே லிஸ்பன்தான்.

மேலே எப்படி ஏறுவது? புகழ்பெற்ற 28-ம் எண் மஞ்சள் ட்ராம் என்று எல்லோரும் சொல்வார்கள். பத்து மணிக்கு மேல் மார்த்திம் மோனிஷ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள், ஆசை போய்விடும். ஏறினாலும் ஜன்னல் தெரியாது, பாக்கெட்டையும் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அதற்குப் பதிலாக பைஷாவில் ஃபான்கெய்ரோஷ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் இலவச லிஃப்ட் இருக்கிறது. வெளியே வந்து சற்று நடந்தால் சூப்பர் மார்க்கெட் இருக்கும் கட்டடத்தில் இன்னொரு லிஃப்ட். இரண்டும் சேர்ந்து கோட்டைக்குப் போகும் ஏற்றத்தில் பாதிக்கு மேல் தூக்கிவிட்டுவிடும். 1147-ல் போர்ச்சுகலின் முதல் மன்னர் அஃபோன்சோ என்ரிக்கெஷ், அப்போது இங்கே ஆண்ட முஸ்லிம்களான மூர்களிடமிருந்து பிடித்த கோட்டை அது. மதில் மேல் நடக்க நன்றாக இருக்கும், உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. காசை மிச்சப்படுத்த நினைத்தால் போர்ட்டஷ் டோ சோல் முகப்பில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ரப்பர் அடி வைத்த செருப்பு கட்டாயம். சுண்ணாம்புக்கல் பதித்த நடைபாதை, மழைத்தூறல் விழுந்தால் எண்ணெய் தடவின மாதிரி.

சாப்பாட்டில் அல்ஃபாமாதான் ஜெயிக்கும். சந்துக்குள் நாலு மேசை போட்ட டாஷ்கா கடைகளில் அன்றைய சாப்பாட்டைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். 'பாக்கல்யாவ் ஆ பிராஷ்' கேளுங்கள். உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஊறவைத்து, நாராக உதிர்த்து, வெங்காயம், குச்சி உருளைப் பொரியல், முட்டை போட்டுக் கிளறியது. கருவாட்டுப் பொடிமாஸ் என்றால் சட்டென்று புரியும். காரம் மட்டும் இருக்காது. ஜூன் மாதம் போனால் தெருவெல்லாம் மத்தி சுடுகிற புகை. ஒரு கடையில் நாங்கள் உட்கார்ந்ததுமே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைத்தார்கள். உபசாரம் என்று நினைத்துத் தின்று தீர்த்தோம். பில்லில் எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. ஊர் வழக்கமே அதுதான். வேண்டாமென்றால் தொடாமல் எடுத்துப் போகச் சொல்லலாம். சைவர்களுக்கு இரண்டு இடமும் கஷ்டம்தான். கீரை சூப்பான 'கால்டோ வெர்டே'யில்கூட ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி மிதக்கும், முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பெலேம் பக்கம் இருக்கிற ஒரே பதில் 1837-லிருந்து நடக்கும் பாஷ்டெய்ஷ் டெ பெலேம் கடை. அங்கே விற்பது நாட்டா, முட்டைப்பால் நிரப்பிச் சுட்ட சின்னக் கிண்ணம் போன்ற இனிப்பு. ஓரம் படபடவென்று உதிரும், நடு முட்டைப்பால் நாக்கைச் சுடும், மேலே பட்டைத்தூள். மற்ற கடை நாட்டாக்களும் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் இந்தச் சூடும் மொறுமொறுப்பும் அவற்றில் எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால் என் கணக்கு இப்படி: நாள் முழுக்க அல்ஃபாமா. கால் ஓய்ந்த பிறகு, இருட்டும் நேரத்தில், ரயிலில் பெலேமுக்கு ஒரு நடை. கடையின் உள்ளே உட்கார்ந்து சாப்பிடப் பின்னால் அறை அறையாக இடம் உண்டு. அவசரமென்றால் ஆறு நாட்டாவை நீளமான அட்டைக் குழலில் போட்டு, பட்டைத்தூளும் சர்க்கரையும் சிறு பொட்டலங்களாகக் கூடவே தருவார்கள். நான் வாங்கிய ஆறில் நான்குதான் அறைக்கு வந்து சேர்ந்தன.