பொடி எழுத்து: கார்ல் பார்த் டிஜிட்டல் தொகுப்போடு நாலு வருஷம்

சுவிஸ் நாட்டு இறையியலாளர் கார்ல் பார்த் எழுதியதையெல்லாம் சேர்த்த டிஜிட்டல் தொகுப்பு, விலை பாதியாகக் குறைந்திருக்கிறதாம். பக்கத்துச் சேகரத்துத் (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) தம்பி ஒருவர், ஊழியத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, போனில் கேட்டார்: "சார், பார்த் முழுசும் டிஜிட்டல்ல வாங்கலாமா? நீங்க வச்சிருக்கீங்கல்லா?"

வச்சிருக்கேன். நாலு வருஷத்துக்கு முன்னால், பென்ஷன் அரியர் வந்த கையோடு, முழு விலை கொடுத்து. அந்த வயிற்றெரிச்சலைக் கழித்துவிட்டு மேலே படிக்கவும்.

தொகுப்பில் முக்கியமானது 'சர்ச் டாக்மாட்டிக்ஸ்'. அது என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு: கிறிஸ்தவ சபையின் உபதேசங்களை விளக்கும் பார்த்தின் பெரிய நூல். 1932-இல் ஆரம்பித்து 1967 வரை 13 புத்தகம், 9,000 பக்கத்துக்கு மேல், அப்படியும் முடிக்காமல் 1968-இல் போய்ச் சேர்ந்தார் மனுஷன். வள்ளியூர்ப் பக்கம் எங்கள் வீட்டு அலமாரியில் இதை அடுக்கினால் கரையானுக்குத்தான் அசனம். டேப்லெட்டில் இருப்பது வசதி, மறுக்கவில்லை.

என் கோபமெல்லாம் அந்தப் பொடி எழுத்தின் மேல்தான். பார்த் இரண்டு அளவில் அச்சிட்டார். வாதம் பெரிய எழுத்தில் போகும். நடுநடுவே பொடி எழுத்தில் வேத விளக்கம், சபைப் பிதாக்கள் என்கிற ஆதிச்சபை ஆசிரியர்கள், சீர்திருத்தவாதி கால்வின், எதிராளிகளோடு மல்லுக்கட்டு. நான் வாங்கிய செயலியில் எழுத்தைப் பெரிதாக்கினால் பெரிய எழுத்து வரிக்கு நாலு வார்த்தையாக வீங்குகிறது. பொடி எழுத்து பொடியாகவே கிடக்கிறது. எழுதிக் கேட்டேன். அடுத்த அப்டேட்டில் சரிசெய்தார்கள்: இரண்டையும் ஒரே அளவாக்கிவிட்டார்கள்! வாதம் எங்கே நின்றது, விளக்கம் எங்கே தொடங்கியது, ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி எழுதினேன், பழையபடி பொடியாக்கினார்கள். போதாக்குறைக்கு அதற்குள் பத்தி பத்தியாக லத்தீன், கிரேக்கம். 31 புத்தகமாக வந்த பிந்தைய பதிப்பில் இதற்கெல்லாம் மொழிபெயர்ப்பு உண்டு. என்னிடம் இருப்பது பழையது. பாளையங்கோட்டையில் கண்ணாடியை இரண்டு தடவை மாற்றிவிட்டேன்.

பொடி எழுத்தைத் தாண்டிப் போய்விடலாமே என்றால், சரக்கு அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஐயருக்கு (போதகரை இங்கே அப்படித்தான் சொல்லுவோம்) ஏழு சபை. அவர் வராத ஞாயிறுகளில் என்னைப் போன்ற வாத்தியார்மார்தான் பிரசங்கம். ஒரு வாரம் பிரசங்கத்துக்கு வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரம் வந்து சேர்ந்தது. அங்கே ஒன்றும் சாப்பிடக் கூடாது என்ற தேவ கட்டளையோடு யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவனுடைய மனுஷன், பொய் சொல்லி அவரைச் சாப்பிட வைத்த கிழவனான தீர்க்கதரிசி, திரும்பும் வழியில் அவரைக் கொன்ற சிங்கம். ஏமாற்றியவன் வீட்டில் சுகமாக இருக்க ஏமாந்தவர் சாகிறார். இதை வைத்து என்ன பிரசங்கிக்க? சனிக்கிழமை ராத்திரி தேடலில் அதிகாரத்தை அடித்தேன். இரண்டாம் தொகுதியின் இரண்டாம் பகுதியில், தெரிந்துகொள்ளுதலைப் பற்றிய இடத்தில் (தேவன் மனுஷரைத் தேர்ந்தெடுப்பது), பதினைந்து பக்கத்துக்கு மேல் அந்த ஒரே கதை. தெரிந்துகொள்ளப்பட்டவனும் தள்ளப்பட்டவனும் ஒருவரையொருவர் விட முடியாமல் கட்டுண்டு கிடப்பதாக, யூதா, இஸ்ரவேல் என்ற இரண்டு ராஜ்யங்களையும் அந்த இரண்டு பேருக்குள் வைத்துப் படிக்கிறார். கடைசியில் இரண்டு பேர் எலும்பும் ஒரே கல்லறையில். பின்னால் யோசியா ராஜா வந்து மற்ற கல்லறைகளைத் தோண்டியபோது அதை மட்டும் தொடாமல் விட்டானே, 2 இராஜாக்கள் 23, அது வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார். விடிய இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அத்தனையும் பொடி எழுத்து. யூதாசைப் பற்றி எழுதியதும் பொடி எழுத்து. மோட்சார்ட்டின் இசையில் உருகுகிற இடமும் பொடி எழுத்தே.

அந்தத் தேடல் வசதிக்கு மட்டும் முழு மார்க்கு. அச்சுப் புத்தகத்தில் பின்னட்டவணையைப் புரட்டிப் புரட்டி ஞாயிறு வந்துவிடும்.

(கடைசிப் பகுதியில் குழந்தை ஞானஸ்நானம் கூடாது என்கிறார் பார்த். அதை எங்கள் ஐயரிடம் நான் இன்னும் காட்டவில்லை. அடுத்த மாதம் என் பேரனுக்கு ஞானஸ்நானம்.)

இன்னொரு குறை. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை ஒருத்தருக்கு இரவல் கொடுக்க வழியில்லை. என் காலத்துக்குப் பிறகு மகனுக்குப் போகுமா என்று கேட்டதற்கு, கணக்கு என் பெயரில் மட்டும்தான் என்று பதில் வந்தது. அவன் படிக்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.

அதனால் தம்பி, வாங்காதீங்க. பாதி விலைக்கும் வாங்காதீங்க. உங்களுக்கு இப்போ நல்ல கண்ணு, அதைக் கெடுத்துக்காதீங்க. என்ன அதிகாரம்னு போன் பண்ணிச் சொல்லுங்க, நான் தேடி வைக்கேன். சனிக்கிழமை சாயங்காலம் பைக்கை எடுத்துட்டு வீட்டுக்கு வாங்க. நீங்க வாசிங்க, நான் கேட்டுக்கிடுதேன்.